குழாயின் பின்பக்கம் பார்த்தவருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஸ்பிரிச்சுவலிஸ்ட் சபையை (இறந்தவர்களின் ஆவி நம்மோடு பேசும் என்று நம்புகிற சபை) பூட்டவில்லை. ஞாயிறு மாலை ஆராதனை வழக்கம்போல 6.30 மணிக்கே நடக்கிறது. சுவர் ஈரத்தாலும் சபையை மூடிவிடலாம் என்ற பேச்சாலும் போன நவம்பரிலிருந்து பட்ட பாட்டை மறுபடி கிளற வேண்டாம். ஆங்கில மடலை வாசல் பலகையில் ஒட்டியாகிவிட்டது. தமிழில் விசாரித்தவர்களும் பணம் அனுப்பியவர்களும் நிறையப் பேர் என்பதால் இது தனியாக.

முதல் நன்றி, எங்கள் ஆராதனைக்கு ஒருநாளும் வந்து உட்காராத ஒருவருக்கு. எதிர்த்தெருவில் இருக்கும் பெரியவர், கல்கட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கொத்தனார். "ஆவியில எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. தண்ணி எந்த வழியா வரும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நோயாளிகளுக்காகப் பிரார்த்திக்கும் ஹீலிங் அறையின் வடக்குச் சுவரில் ஈரம். தரையிலிருந்து ஏறுகிறது, சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்த வேண்டும் என்று எங்களிடம் ஒரு மதிப்பீடு இருந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சு வலுத்ததே அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான்.

பெரியவர் முதலில் பார்த்தது கறையின் உயரத்தை. தரையீரம் சாதாரணமாக ஒரு மீட்டருக்கு மேல் ஏறாது. எங்கள் கறையோ இரண்டு மீட்டர் உயரத்தில் கறுப்பாகத் தொடங்கி, கீழே வர வர மங்கியது. மழை விட்டால் வெளிறும், அடுத்த மழையில் திரும்பக் கறுக்கும். அப்படியானால் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. சுவருக்கு வெளியே அதே இடத்தில் வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய் ஒன்று. முன்பக்கம் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். சட்டைப் பையிலிருந்து முகச்சவரக் கண்ணாடியை எடுத்து, குழாய்க்கும் சுவருக்கும் நடுவே விட்டுக் காட்டினார். பின்பக்கம் முழுக்கத் துரு, ஒரு முழ நீளத்துக்கு விரிசல். ஏணியில் ஏறி ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். பாதிக்குப் பாதி சுவரில்தான் இறங்கியது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. குழாயைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தினால் பின்பக்கம் பிரஷ் போகாது. பெயின்ட் அடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை அடித்துவிட்டுப் போவார், மறுபக்கம் துருவேறிக்கொண்டே இருக்கும். மேலே குழாயின் வாயில் இலைச்சேறு அடைக்கும். தேங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது, துரு தின்ற பக்கம் பிளந்துவிடும். போதாக்குறைக்கு, முன்பு யாரோ கல் இடுக்குகளைச் சிமென்டால் பூசியிருந்தார்கள். பழைய கற்சுவர் ஈரத்தை வெளியே விடுவது சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான். அதைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே நின்று, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

செய்த வேலையையும் எழுதிவைக்கிறோம், வேறு சபைகளுக்கு உதவும். விரிசல் விட்ட குழாய்த் துண்டை மாற்றி, புதியதைப் பின்பக்கமும் பெயின்ட் அடித்த பிறகே ஏற்றினோம். பிடிப்புகளுக்குப் பின்னால் கட்டை கொடுத்து, சுவருக்கும் குழாய்க்கும் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டோம். இடுக்கின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சிமென்டைக் கையுளியால் சுரண்டினோம். மெஷின் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும் என்றார். பிறகு ஒரு பங்கு நீர்ச்சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் ஹைட்ராலிக் லைம்), மூன்று பங்கு மணல். பூசுமுன் கல்லை நனைத்து, பூசியபின் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலை கூடாது என்பதால் ஏப்ரல்வரை பொறுக்க வேண்டியிருந்தது. சுவரின் கனம் 450 மில்லிமீட்டர். மாதத்துக்கு 25 மில்லிமீட்டர் காயும் என்பது தொழில் கணக்கு. ஆக முழுசாகக் காய ஒன்றரை வருஷம். அதுவரை உள்ளே பெயின்ட் கிடையாது, ஜன்னல் விரலளவு திறந்திருக்கும், ஹீலிங் நாற்காலிகள் மூன்றும் கூடத்தின் பின்வரிசையில் இருக்கும். தயவுசெய்து யாரும் ஆசைப்பட்டு வெள்ளையடித்துவிடாதீர்கள்.

கூலி வாங்கவில்லை. செலவு குழாய், சுண்ணாம்பு, மணல் மட்டும்.

மற்றவர்களுக்கும் ஒரே மூச்சில் நன்றி. ஐந்து ஞாயிறு தங்கள் கூடத்தைக் கொடுத்த மெதடிஸ்ட் சபைக்கு, வேலை நடந்த நாட்களில் பருப்பும் ரொட்டியும் அனுப்பிய குருத்வாராவுக்கு, பெட்ரோல் காசுகூட வாங்காமல் வந்த மீடியம்களுக்கு (ஆவிகளின் சேதியை மேடையில் சொல்கிறவர்கள்), வரமுடியாத வயதானவர்களுக்காக ஜூமை ஒழுங்கு பண்ணிய பிள்ளைகளுக்கு. (பியானோ சத்தம் ஏன் விட்டுவிட்டுக் கேட்டது என்று கேட்டவர்களுக்கு: இரைச்சலை அடக்கும் அமைப்பு பியானோவையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. அதை அணைத்துவிட்டு, மைக்கை மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.)

இனி மனதில் கிடப்பது. பிரிட்டனின் முதல் ஸ்பிரிச்சுவலிஸ்ட் சபை இதே யார்க்ஷயரில், கீத்லியில், 1853-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஹைட்ஸ்வில் வீட்டில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவி தட்டும் ஓசை கேட்டதாகச் சொல்லி ஐந்தே வருஷத்தில். 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை வைத்து 1944-இல்கூட ஹெலன் டங்கன் என்ற மீடியத்தைச் சிறையில் போட்டார்கள். 1951-இல்தான் அந்தச் சட்டம் போனது. அவ்வளவையும் தாங்கிய சபைகள் இன்று ஒவ்வொன்றாக மூடும்போது, "இப்போது யார் இதையெல்லாம் நம்புகிறார்கள்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதுவும் தரையீரம் என்று சொன்ன மதிப்பீட்டைப் போன்றதுதான் என்பது எங்கள் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். 30 மைல் தள்ளியிருந்து மீடியம் வந்தால், போகவர மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 27 பவுண்டு. வருகிறவர்கள் 18 பேர், ஆளுக்கு 3 பவுண்டு போட்டால் 54. பாதி அங்கேயே போயிற்று, மிச்சத்தை ஹீட்டர் சாப்பிடுகிறது. கணக்கு இடிக்கிறதென்று சபைகள் வாராந்தர ஓபன் சர்க்கிளை, அதாவது யாரும் வந்து வட்டமாக உட்கார்ந்து பழகும் கூட்டத்தை, நிறுத்திவிடுகின்றன. ஒரு மீடியம் மேடையேறத் தேறப் பல வருஷம் சர்க்கிளில் உட்கார வேண்டும். இன்று சர்க்கிளை நிறுத்திய சபைக்குப் பத்து வருஷம் கழித்து மேடையில் நிற்க ஆள் இருக்காது. பிள்ளைகளுக்கான லைசியமும் அப்படித்தான். பிரிட்டனில் 1866-இல் நாட்டிங்காமில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய அந்த ஞாயிறு வகுப்பு இல்லாத சபைக்கு, இருபது வயதில் ஆள் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் உண்டு. சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். குறி கேட்கப் போவதுபோல வந்து, இறந்துபோன அம்மாவிடமிருந்து சேதி கிடைத்ததும் கிளம்பிவிடுகிறவர்களை நாங்களே பழக்கினோம். சேதிக்கு நேரம் போதவில்லை என்று தத்துவ உரையை இருபது நிமிடத்திலிருந்து ஐந்துக்குக் குறைத்தது யார்? எம்மா ஹார்டிங் பிரிட்டன் என்ற 19-ஆம் நூற்றாண்டு மீடியம் வழியாக வந்த, எங்கள் சபைகளின் ஏழு கொள்கைகளும் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஐந்தாவது, ஒவ்வொருவருக்கும் உள்ள சொந்தப் பொறுப்பு. மழைநீர்க் குழாய் அதற்குள் அடங்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே உறுதியாகச் சொல்கிறோம். செவ்வாய் இரவு 7 மணி சர்க்கிள் நான்கு பேர் வந்தாலும் நடக்கும். தத்துவ உரை திரும்பவும் இருபது நிமிடம். மீடியம் கடைசி நேரத்தில் வரமுடியவில்லை என்றால் ஆராதனையை ரத்துசெய்ய மாட்டோம். பாட்டு, வாசிப்பு, உரை, நோயாளிகளுக்கான பிரார்த்தனை இவற்றோடு நடத்துவோம். சாவி இனி ஒருவரிடம் மட்டும் இருக்காது. இலை உதிர்ந்து முடியும் நவம்பர் கடைசியிலும் ஏப்ரலிலும் குழாயின் வாயைச் சுத்தம் செய்வோம்.

பெரியவருக்கு ஒன்று. உங்கள் சவரக் கண்ணாடி எங்களிடமே தங்கிவிட்டது, ஏணிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம். இது இங்கேயே இருக்கட்டும்.

நன்றியுடன்,
சபைக் குழுவின் சார்பில், தமிழ் பேசும் இருவர்
மேற்கு யார்க்ஷயர்