கோழிக்கூட்டை மூடி அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலத்தில் வீட்டுக் கோழிகளைப் பராமரிப்பது பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்தேன். கூட்டில் ஒரு துவாரமும் விடாமல் அடைத்து, உள்ளே வெப்ப விளக்கைத் தொங்கவிடும்படி அதில் இருந்தது. எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அதை நம்பி யாராவது இந்த மாதமே அப்படிச் செய்துவிடுவார்களே என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன். நானும் அதையே செய்து ஒரு கோழியை வதைத்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் கோழிகள் பொழுதுபட்டதும் முற்றத்துப் பூவரசில் ஏறிவிடும். மாரி மழை கொட்டினாலும் அங்கேதான். அவற்றுக்குக் குளிருமே என்று அம்மா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கனடாவின் எட்மன்ரனில் நகரசபை அனுமதி எடுத்து நான்கு பேட்டுக்கோழிகளை வாங்கிய எனக்கு (சேவலுக்கு இங்கே அனுமதி இல்லை) முதல் பனிக்காலமே பெரும் பயமாகிவிட்டது. கடையில் சொன்னபடி 250 வாட் விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினேன். கூரைக்குக் கீழே இருந்த இடைவெளிகளைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி அடைத்தேன்.

நான்காம் நாள் காலை கதவைத் திறந்ததும் எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. கூரைப் பலகையின் அடிப்பக்கம் கல்லுப்பை அள்ளி ஒட்டியதுபோல் வெண்பனி. விரல் பட்டதும் உதிர்ந்தது. கோழிகளின் முதுகிறகு ஈரமாக இருந்தது. வெள்ளை லெக்கோர்ன் கோழிக்குப் பெரிய கொண்டை. அதன் பின்பக்கத்து இரண்டு முனைகளும் சாம்பல் பூத்திருந்தன. மறுநாள் கறுத்துவிட்டன. பதறிப்போய் வெந்நீரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். அதுவும் தவறு. உறைந்த சதையைத் தேய்த்தால் புண் பெரிதாகும். உலர்ந்த, குளிர் சற்றுக் குறைந்த இடத்தில் அதை அமைதியாக விட்டுவிட வேண்டும். கறுத்த நுனியை வெட்டவும் கூடாது. காய்ந்து தானாகவே விழும்.

கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகை உப்பிக்கொண்டால் இடையில் தங்கும் காற்றே அதற்குப் போர்வை. நனைந்த இறகால் அந்தக் காற்றைப் பிடித்து வைக்க முடியாது. மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் இரவு முழுவதும் ஈரம் எழுகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் அது கூரையில் உறையும், கொண்டையிலும் படியும். ஆகவே கூரையை ஒட்டி, கோழி குந்தும் உயரத்துக்கு மேலே, காற்றுத் துவாரங்கள் திறந்தே இருக்க வேண்டும். கீழே, கோழியின் உடம்பில் நேராகக் காற்று வீசக் கூடாது. தரையில் மரச்சீவலையும் வைக்கோலையும் தடிப்பாகப் போட்டு, நனைந்ததை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

குந்தும் கம்பையும் மாற்றினேன். இப்போது நாலு அங்குல அகலப் பலகை, தட்டையாக. கோழி அதில் குந்தும்போது வயிற்றிறகு கால்விரல்களை முழுக்க மூடிவிடுகிறது. கடுங்குளிர் இரவுகளில் கைவிளக்கோடு போய்ப் பார்ப்பேன். நான்கும் ஒட்டிக்கொண்டு, தலையைச் செட்டைக்குள் செருகியிருக்கும். கையுறையைக் கழற்றி ஒன்றின் மார்புக்கடியில் விரல்களை நுழைத்தால், அணைத்த அடுப்பின் சாம்பலைப்போல் அப்படி ஒரு வெதுவெதுப்பு.

வெப்ப விளக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்த வைக்கோலும் தூசியும் நிறைந்த இடத்தில் அது விழுந்தால் கூடே எரிந்துவிடும். விழாமல் இருந்தாலும் மின்சாரத்தை நம்பித்தானே அந்தச் சூடு? 2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை, எங்கள் அல்பேர்ட்டா மாகாணம் முழுவதும் கைபேசிகள் ஒரேயடியாக அலறியது நினைவிருக்கும். தேவையற்ற மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மின்வெட்டு வரலாம் என்ற அவசர அறிவித்தல். மக்கள் விளக்குகளை அணைத்ததால் அன்று தப்பினோம். அந்தக் குளிரில் மின்சாரம் நின்றிருந்தால், விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழிகள் ஒரே இரவில் செத்திருக்கலாம்.

மின்சாரத்தை நான் தண்ணீருக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் சூட்டுத்தட்டு ஒன்று உண்டு. அது இல்லாதவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீரை அடிக்கடி மாற்றி வைக்கலாம். தண்ணீர் உறைந்துவிட்டால் கோழி தீனியும் தின்னாது. தீனி செரிப்பதில்தான் அதற்குச் சூடு கிடைக்கிறது. அடையப்போகும் நேரத்தில் ஒரு பிடி சோளம் போடுவேன். முட்டை குறைந்துவிட்டதே என்று செயற்கை வெளிச்சம் போடுகிறவர்கள் உண்டு. டிசம்பரில் இங்கே பகல் ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம்தான்; முட்டை குறைவது அதனால்தான். அவை ஓய்வெடுக்கட்டும் என்று நான் விட்டுவிடுகிறேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் சாந்தெக்ளேர் இனத்தைத் தேடிப் பாருங்கள். கியூபெக்கின் ஒக்கா மடத்தில் வில்ஃப்ரிட் சாத்தலேன் என்ற துறவி, கனடாவின் குளிருக்கென்றே கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இனம் அது. கொண்டையும் தாடியும் இருப்பதே தெரியாது. உறைவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

என் லெக்கோர்ன் இன்னும் இருக்கிறது. கொண்டையில் இரண்டு முனைகள் இல்லை. ஆசிரியர் அவர்களே, அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தத்தை, குளிர் இன்னும் இறங்குமுன், அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எட்மன்ரன், அல்பேர்ட்டா