சித்திரை விற்பனைக்கு ஜனவரியிலேயே கன்றுத் தவறணை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் ஹட்டன் தோட்டக் கழகம் சித்திரை லீவில் பூங்கன்று விற்று, அந்தக் காசில் வீதியோரத்தில் பூஞ்செடி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். ஒரு விசயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே: வேர் பிடிக்காத கன்று மேசைக்கு வரக்கூடாது. வாங்கிய வீட்டில் அது வாடினால் அந்த வீட்டுக்காரர் அடுத்த வருசம் உங்கள் பக்கமே திரும்பமாட்டார்.

அப்படியென்றால் ஜனவரி முதல் வாரமே தவறணை, அதாவது கன்று வளர்க்கும் நாற்றங்கால், போட வேண்டும். 4க்கு 6 அங்குலப் பொலித்தீன் பை போதும், அடியில் ஆறேழு ஓட்டை குத்துங்கள். சலித்த மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. உருளைக்கிழங்கு போட்ட தோட்டத்து மண்ணை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் எடுக்காதே. கிழங்கை வாட்டும் பாக்டீரியா அதில் கிடந்தால் ஜெரேனியத்தையும் பிடிக்கும்.

ஜெரேனியத் தண்டை 4 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் வெட்டு. பூவையும் அடி இலைகளையும் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும்வரை சில மணி நேரம் நிழலில் போட்டு வை. நட்ட பிறகு பொலித்தீனால் மூடாதே. ஈரம் தேங்கினால் மண்ணோடு ஒட்டிய இடத்திலிருந்து தண்டு கறுத்து மேலே ஏறும், அதைக் காப்பாற்ற வழியில்லை, பையோடு அப்புறப்படுத்து. ஹைட்ரேஞ்சியாவும் ஃபியூஷியாவும் இதற்கு நேர்மாறு. ஜனவரி, பெப்ரவரி வெயிலுக்கு அவற்றின் இலை துவண்டுவிடும் என்பதால் பொலித்தீன் கூடாரத்துக்குள், நிழலில்தான் வைக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியாவில் பூக்காத கொப்பாகப் பார்த்து எடுத்து, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கிவிடு.

விற்பனைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிழல் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார். வெள்ளை வேர் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தால் அந்தத் தட்டை விற்கலாம். மண் உதிர்ந்தால் இந்த விற்பனைக்கு எடுக்காதே, இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். வேர் பழுப்பாகி நாறினால் தண்ணீர் கூடிப்போனது. விலை போடும்போது மொத்தச் செலவை விற்கத் தேறிய கன்றுகளின் எண்ணிக்கையால் வகு. நட்ட தண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செத்த கன்றின் செலவு கழகத்தின் தலையில் விழும்.

நீல ஹைட்ரேஞ்சியா வாங்குகிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடு. நம் தேயிலை மண்ணின் புளிப்பில்தான் அது நீலம். சீமெந்துச் சுவரோரம் நட்டால் சுண்ணாம்பு கசிந்து ரோசாவாகிவிடும்.

யாராவது ஹோட்டன் சமவெளியிலிருந்து செடி பிடுங்கி வந்தால் வாங்காதீர்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா. அங்கேயும் நுவரெலியாவிலும் பரவிக் கிடக்கும் மஞ்சள் பூ முட்செடியையும் கண்ணால்கூடப் பார்க்காதே. அதன் விதை பல வருசம் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

வீதி வேலையில் எனக்குப் பயம் மண்மேட்டைப் பற்றித்தான். பாத்தி கட்டுகிறோம் என்று மேட்டின் அடியை வெட்டினால் மழைக்கு மேல்மண் இறங்கிவிடும். அடியைத் தொடாமல், சரிவுக்குக் குறுக்காக வெட்டிவேரை அரை அடிக்கு ஒன்றாக வரிசை வையுங்கள். வீதியோரத் தண்ணீர் ஓடும் கானிலிருந்து இரண்டடி தள்ளியே எதையும் நடுங்கள். கான் அடைபட்டால் தண்ணீர் ரோட்டில் ஓடி, ஓரத்தை அரித்து, உங்கள் செடியையும் கொண்டுபோகும். வளைவுகளில் முழங்காலுக்கு மேல் வளராத செடி மட்டும். எதிரே வரும் பஸ் டிரைவருக்குத் தெரிய வேண்டும். பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், டவுனுக்குள் என்றால் நகர சபைக்கும் முதலே கடிதம் கொடுத்து அனுமதி எடுங்கள்.

சித்திரைப் பின்னேர மழையோடு நட்டு முடித்தால் மே கடைசியில் பெருமழை பிடிப்பதற்குள் வேர் இறங்கிவிடும். அதுவரை மழை இல்லாத நாளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் போட்டு இப்போதே பட்டியல் எழுது. வெட்டிவேர்த் தூர் எத்தனை வேண்டும் என்று சொன்னால் இலையை நறுக்கி, ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா