கார்டு செத்தாலும் லிஃப்ட் ஓட வேண்டும்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பி பிளாக் 7ஆவது மாடியிலிருந்து எழுதுகிறேன். நம் எட்டு லிஃப்டுகளிலும் கார்டு ரீடர் பொருத்தி, அவரவர் கார்டுக்கு அவரவர் மாடி மட்டும் என்று வைக்க வரும் ஞாயிறு பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறீர்கள். சி பிளாக்கில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனதிலிருந்து எல்லாருக்கும் பயம் இருக்கிறது. என் மனைவிக்கும் இருக்கிறது. கார்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 34 வருஷம் லிஃப்ட் மெஷின் ரூமிலும், லிஃப்டுக்கு அடியிலுள்ள பிட் என்கிற குழியிலும் வேலை பார்த்தவன் என்பதால் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் கொட்டேஷனை நின்று மூன்று முறை படித்தேன். விலை இருக்கிறது, ரீடரின் நிறம்கூட இருக்கிறது. கார்டு சிஸ்டம் பழுதானால் லிஃப்ட் என்ன செய்யும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

கார்டும் லிஃப்டும் எப்படி இணைகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டைக் காட்டியதும் ரீடர் அதன் எண்ணைக் கார்டு கன்ட்ரோலருக்கு அனுப்பும். கன்ட்ரோலர் 'இவர் 9ஆவது மாடிக்காரர்' என்று பார்த்து, 9க்கு உரிய ரிலேயை, அதாவது மின்சாரத்தால் மாறும் சின்ன ஸ்விட்ச்சை, சில விநாடிகள் மாற்றும். மாடிக்கு ஒரு ரிலே. பழைய வகை லிஃப்டில் அந்த ரிலே பொத்தானின் ஒயரிலேயே குறுக்கே உட்கார்ந்திருக்கும். அது வழிவிட்டால்தான் பொத்தான் எரியும். புதிய வகையில் பொத்தானுக்குத் தனித்தனி ஒயரே கிடையாது, எல்லாம் ஒரே டேட்டா லைனில் போகும். அங்கே ஒயரை வெட்டிக் கோக்க முடியாது. லிஃப்ட் கம்பெனி தன் கன்ட்ரோலரில் இதற்கென்று தரும் இன்புட்டில்தான் கொடுக்க வேண்டும். நம் ஏ, பி பிளாக் லிஃப்டுகள் பழைய வகை. சி, டி புதிய வகை. கொட்டேஷனில் எட்டுக்கும் ஒரே முறை, ஒரே ரேட். எழுதியவர் மெஷின் ரூமுக்கு ஏறிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது அந்த ரிலேயைப் பற்றி. மின்சாரம் இருந்தால் ஒரு பக்கம் இழுத்து நிற்கும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் தள்ளி மறுபக்கம் விழும். விழுகிற பக்கம் பூட்டா, திறப்பா? இதைத் தீர்மானிப்பது ஒயர்மேன் கையிலுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவர். அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றால், கைக்கு எது வசதியோ அப்படிக் கோத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்படி ஒரு கட்டடத்துக்கு என்னை விடியற்காலையில் கூப்பிட்டார்கள். 9ஆவது மாடியில் ஒரு பெரியவர், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாள். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே போனார்கள், ஒரு பொத்தானும் எரியவில்லை. தரைத்தளப் பொத்தான்கூட எரியவில்லை. இரவில் கார்டு கன்ட்ரோலரின் பவர் சப்ளை கருகியிருந்தது. ரிலேக்கள் எல்லாம் பூட்டின் பக்கம் விழுந்து கிடந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஒன்பது மாடி இறக்கியிருந்தார்கள். கீழே வாட்ச்மேன் வெளிப்பொத்தானை அழுத்தியிருந்தால் லிஃப்ட் அவர்களோடு தானாக இறங்கியிருக்கும். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றவும் தோன்றாது. அந்த லிஃப்டில் மோட்டார், பிரேக், கதவு எதிலும் ஒரு குறை இல்லை. ஓடத் தயாராக நின்ற லிஃப்டைக் கட்டிப்போட்டது ஒரு சின்ன பவர் சப்ளை. அந்தப் பெரியவரின் மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: கார்டு கன்ட்ரோலருக்கு மின்சாரம் போனாலும், ஒயர் அறுந்தாலும், சாஃப்ட்வேர் நின்றாலும் எல்லா மாடிப் பொத்தான்களும் திறந்துகொள்ள வேண்டும். தரைத்தளப் பொத்தானுக்கு ரிலேயே இருக்கக் கூடாது. மேலே போகக் கார்டு கேளுங்கள். கீழே இறங்க யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். செக்யூரிட்டி அறையில் கார்டு சிஸ்டத்தையே விலக்கும் சாவி ஸ்விட்ச் ஒன்று வேண்டும். இரவு டியூட்டித் தம்பிக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 'பவரை வெட்டிவிட்டுத் திருடன் எந்த மாடிக்கும் போவானே' என்று செயலாளர் கேட்பார். போவான்தான். ஆனால் அவனுக்கு எதிரே அப்போதும் நம் வீட்டுக் கதவும் பூட்டும் இருக்கின்றன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் நிற்பவருக்கு வேறு வழி கிடையாது.

தீ விபத்துக்கு வருகிறேன். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களில் தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்டைக் கேட்கிறது. தரையிலிருந்து உச்சி மாடிக்கு ஒரு நிமிடத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஃபயர் ஸ்விட்ச்சைப் போட்டால் லிஃப்ட் மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு நேரே கீழே வந்து கதவைத் திறந்து நிற்கும். அதன் பிறகு உள்ளே இருந்து அழுத்துபவர் தீயணைப்பு வீரர். ரிலே பொத்தான் ஒயரின் குறுக்கே உட்கார்ந்திருந்தால் அவர் அழுத்துவதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். கார்டு இல்லாத அவருக்கு 11ஆவது மாடிப் பொத்தான் எரியாது. லிஃப்ட் ஃபயர் மோடில்தான் இருக்கும், ஆனாலும் அசையாது. எத்தனையோ கட்டடங்களில் யாரும் சோதித்துப் பார்க்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். ஃபயர் சிக்னல் வந்த உடனே கார்டு ரிலேக்கள் அத்தனையும் விலக்கப்பட வேண்டும். காகிதத்தில் இருந்தால் போதாது. வேலை முடிந்த அன்று ஸ்விட்ச்சைப் போட்டு, கார்டே இல்லாத ஒருவர் ஒவ்வொரு மாடிக்கும் போய்வந்து காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.

இதோடு ஒட்டிய ஒரு பயமும் எனக்கு உண்டு. லிஃப்டைப் பூட்டியதும் 'படிக்கட்டு திறந்து கிடக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். படிக்கட்டுக் கதவுக்கும் பூட்டு வரும். தயவுசெய்து அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருக்க, புகையில் மூச்சுத் திணறித்தான் அவர்களில் பெரும்பாலோர் போனார்கள்.

லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிடாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வெளி ஆள் கை வைத்த லிஃப்டுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால், ஏஎம்சி என்கிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் கார்டுக்காரரைக் கைகாட்டுவார், கார்டுக்காரர் அவரைக் கைகாட்டுவார், நடுவில் நாம் படியேறுவோம். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று ஓடும் லிஃப்டுகள் இவை. மாற்றம் செய்யும் முன் மின் ஆய்வாளர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேபிளிலும் கார்டுக்காரர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். லிஃப்டோடு ஏறி இறங்கும் டிராவலிங் கேபிளில் உறையுள்ள உபரி இழைகள் இருந்தால் ரீடருக்கு அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் அதற்கென்று செய்த புதுக் கேபிள் தொங்கவிட வேண்டும். சாதாரண லேன் கேபிளை டேப் போட்டு அதோடு சுற்றிவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நிமிர்வதற்கு அது செய்யப்படவில்லை, உள்ளே இழை முறியும். கன்ட்ரோலர் பெட்டியைப் பேஸ்மென்ட் மின் அறையில் வைப்பதாக வேறு எழுதியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த அறையில் எவ்வளவு தண்ணீர் நின்றது, லிஃப்ட் பிட்டை இறைக்க எத்தனை நாள் ஆனது என்று இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பெட்டி மேலே மெஷின் ரூமில்தான் இருக்க வேண்டும்.

இனி நம் வீடுகளின் நடப்பு. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அன்றைக்கு இருநூறு பேர் வருவார்கள். யார் நின்று ஒவ்வொருவருக்கும் கார்டு காட்டுவது? அந்த வீட்டு மாடியை அன்றைக்குத் திறந்துவைக்க செக்யூரிட்டிக்கு வசதியும் அதிகாரமும் வேண்டும். வளைகாப்பு, காதுகுத்து என்றாலும் அப்படியே. பால்காரர் உச்சி மாடிக்கு ஏறிப் படியில் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போடுகிறவர். அவருக்கு வழி யோசித்தீர்களா? விளையாடப் போன இடத்தில் கார்டைத் தொலைத்துவிட்டு வரும் ஆறு வயதுக் குழந்தைக்கு? ரீடர், சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கார்டு காட்டியபின் பொத்தானை அழுத்த ஐந்து விநாடி போதாது, 15 கொடுங்கள். டி பிளாக் பாட்டிக்குக் கை நடுங்கும். உண்மையில் எனக்குக் கார்டு கட்டாயம் என்று தோன்றும் இடம் மொட்டை மாடி ஒன்றுதான். குழந்தைகள் அங்கே தனியாகப் போகக் கூடாது.

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது: 'வீட்டு வேலைக்கு வருவோர் கார்டு, சர்வீஸ் லிஃப்டில் மட்டும் இயங்கும்.' நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்து, நம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற பெண்கள் நம்மோடு ஒரே லிஃப்டில் நிற்கக் கூடாதா? தனி டம்ளர் வைத்த ஊர்களை விட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதையே சாஃப்ட்வேரில் ஒரு டிக் மார்க்காக வைக்க நான் ஒப்பமாட்டேன். அவர்கள் கார்டு அவர்கள் வேலை செய்யும் மாடிகளுக்கு எட்டு லிஃப்டிலும் இயங்க வேண்டும். இந்த வரியை நீக்காவிட்டால் பொதுக்குழுவில் எதிர்த்து வாக்களிப்பேன், மற்றவர்களையும் கேட்பேன்.

மிச்சம் இரண்டு விஷயம். கொட்டேஷனில் உள்ள 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு வெறும் எண்ணைத்தான் சொல்லும். அதை நகலெடுக்கும் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. கொஞ்சம் மேலான வகை என்று பரவலாக விற்ற மைஃபேர் கிளாசிக் கார்டின் பூட்டையும் 2008இலேயே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். திருட்டுக்குப் பயந்து பணம் போடுகிறோம் என்றால் நகலெடுக்க முடியாத கார்டுக்குப் போடுவோம். அடுத்தது, யார் எப்போது எந்த மாடிக்குப் போனார் என்ற பதிவு. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், பதினெட்டு வயதுப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பது வாட்ஸ்அப் குழுவுக்கு வரக் கூடாது. 30 நாளில் அழித்துவிடுங்கள். காவல்துறை எழுத்தில் கேட்டால் தவிர யாரும் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் ரூம் சாவியை எனக்குக் கொடுங்கள். எட்டு லிஃப்டையும் பார்த்து, எதில் எந்த முறை ஒத்துவரும், எந்தக் கேபிளில் உபரி இழை இருக்கிறது என்று எழுதித் தருகிறேன். காசு எதுவும் வேண்டாம். கார்டுக்காரரையும் லிஃப்ட் கம்பெனி ஆளையும் அன்றைக்கே வரச் சொன்னால், ரிலே எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று இருவருக்கும் நானே கையில் பிடித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
பி பிளாக், 7ஆவது மாடி