லடாக் பயணத்தில் எங்களுக்குத் தராமல் விட்ட இரண்டு நாள்கள்: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

அனுப்புநர்: உங்கள் ஜூலை மாத அணியில் வந்த வாடிக்கையாளர், கே.ஆர்.புரம், பெங்களூரு. பெயரும் முன்பதிவு எண்ணும் மின்னஞ்சலின் தலைப்பில் உள்ளன.

பொருள்: காங் யாட்சே 2 சிகரப் பயணத்தில் ஓய்வு நாள்களைக் குறைத்தது, பொருந்தாத பூட்ஸ் கொடுத்தது, காரணத்தை மாற்றிச் சொன்னது.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜூலையில் உங்கள் நிறுவனம் அழைத்துப்போன எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. திரும்பி வந்த பிறகு உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் பேசினார், பதில் மட்டும் மாறவில்லை. "நீங்க சின்ன வயசுதானே மேடம், மலை எங்கேயும் போயிடாது. அடுத்த வருஷம் வாங்க, 25 பர்சென்ட் தள்ளுபடி தரோம்." அந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

முதலில் நடந்தது. நான் பணம் கட்டியபோது நீங்கள் கொடுத்த பயணத்திட்டத்தில் லே நகரில் இரண்டு முழு நாள் ஓய்வு இருந்தது. பிறகு மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடை, ஹங்கர் கிராமத்தைத் தாண்டி இடையில் ஒரு இரவு, அதற்கு அடுத்த நாள்தான் அடிவார முகாம். முகாமில் ஒரு முழு நாள் ஓய்வும், கிராம்பான் (பனியில் ஏற பூட்ஸின் அடியில் மாட்டும் கூரிய பற்கள்) பயிற்சியும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். லேயில் எல்லாம் சரியாகவே நடந்தது. ஹங்கரில்தான் மாறியது. சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் அந்தக் கிராமத்திலிருந்து ஒரே நாளில் எங்களை 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் முகாமுக்கு ஏற்றினீர்கள். மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுக் கூடாரத்தில் உட்காரும் முன்பே, "இன்று இரவு பன்னிரண்டரைக்குக் கிளம்புகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டோம். பின்னால் வரும் அணிக்குக் கூடாரங்களும் சமையல்காரரும் தேவைப்படுவதாக பெங்களூரு அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருந்ததாம்.

இடையில் தங்க வேண்டிய இரவு ஒன்று, முகாமில் இருக்க வேண்டிய நாள் ஒன்று. ஆக இரண்டு நாள்.

உங்களுக்கு இது தெரியாததல்ல, ஆனாலும் எழுதுகிறேன். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூச்சு இழுக்கும்போது கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். பெங்களூரு இருப்பது 900 மீட்டர் சொச்சத்தில். விமானத்தில் ஏறி லேயில் இறங்கினால் அன்றைக்கே 3,500. அதற்கு உடம்பு பழக வேண்டும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் இரத்தத்தின் அமில காரச் சமநிலையைத் திருத்தும், மெல்ல மெல்லச் சிவப்பணுக்கள் கூடும். இது ஒவ்வொன்றும் நாள் கேட்கும் வேலை. அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள் தங்குங்கள் என்று மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அன்று ஏறியது 1,000 மீட்டர். அதன்மேல் தூக்கமும் இல்லாமல் நடுராத்திரியில் மேலும் ஏற்றினீர்கள்.

உங்கள் ஒருங்கிணைப்பாளர் அப்போது சொன்னதும் நினைவிருக்கிறது. "எல்லாரும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறீர்கள், நல்ல உடற்பயிற்சி செய்தவர்கள், தாங்குவீர்கள்." இதைவிட ஆபத்தான பேச்சு மலையில் வேறு கிடையாது. உடம்பு பழகும் முன் உயரத்துக்குப் போவதால் வரும் உயர நோய் வயது பார்த்து வருவதில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கும் அது வரும். சொல்லப்போனால் கால் வலுவுள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் அணியிலும் அப்படியே நடந்தது. இருபத்து நான்கு வயதுப் பையன், வழி முழுக்க எல்லோருக்கும் முன்னால் நடந்தவன். 5,400 மீட்டர் அருகில் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினான், இருமல் நிற்கவில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 61 சதவீதம்தான் காட்டியது. முகாமுக்கு இறக்கி வந்தால் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, முகமூடியைக் காணோம். உதவியாளர்கள் இருவர் அந்த இருட்டிலேயே அவனைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள். உயரத்தைக் குறைப்பதுதான் இதற்கு முதல் மருந்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்ததாக லே மருத்துவமனையில் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டான். அவனுடைய புகாரை அவனே எழுதுவான். அன்று இரவு அவன் விட்ட மூச்சின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அதனால்தான் இங்கே சொன்னேன்.

எனக்கு 5,600 மீட்டரில் தலை பிளந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தேன். எங்கள் வழிகாட்டி லடாக்கைச் சேர்ந்தவர். என் முகத்தைப் பார்த்ததுமே, "மேடம், இதோடு போதும், இறங்குவோம்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எட்டுப் பேரையும் உயிரோடு கீழே கொண்டுவந்தவர் அவர். இந்தப் புகாரைக் காட்டி அவருடைய கூலியில் கை வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் பூட்ஸ். அளவு 5 என்று படிவத்தில் எழுதிக் கொடுத்து, வாடகையாக 4,500 ரூபாயும் தனியாகக் கட்டினேன். வந்தது ஆண்கள் அளவு 8. மூன்று காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பனிச்சரிவில் பூட்ஸுக்குள் குதிகால் தூக்கினால் கிராம்பான் பற்கள் நேராக இறங்காது. ஆளோடு சேர்ந்து சறுக்கும். பயிற்சி நாள் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், மாற்றியிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் "மோசமான வானிலை காரணமாகச் சிகரத்தை அடைய முடியவில்லை" என்று இருந்தது. அன்று காற்றுகூட இல்லை. அதிகாலை 4.40-க்கு நான் எடுத்த படத்தில் மேலே சிகரமும் அதற்கு மேல் நட்சத்திரங்களும் தெளிவாகத் தெரிகின்றன. படத்தை இணைத்திருக்கிறேன்.

இனி அந்த "அடுத்த வருஷம்" பற்றி.

என் அப்பா கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலில் பெங்களூரு வந்து காவலாளி வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தார். வாழ்க்கையில் ஒருமுறை பனிமலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளைகள் தலையெடுக்கட்டும், கடன் அடையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது கல்தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் எங்கள் வீட்டு இரண்டாம் மாடிக்கு ஏற நான்கு இடத்தில் நிற்பார். ஐம்பத்தெட்டில் போய்விட்டார்.

எனக்கு இப்போது முப்பத்து நான்கு. முப்பதைத் தாண்டினால் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் என்ற கணக்கில் உடம்பின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் குறையும் என்கிறார்கள். விடாமல் பயிற்சி செய்தால் மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். கோயில் குளம், ஊர் சுற்றுவது, புத்தகம், தோட்டம் எல்லாவற்றையும் அறுபதிலும் செய்யலாம். முதுகில் பன்னிரண்டு கிலோவோடு 6,250 மீட்டர் ஏறும் ஆசையைக் கால் முட்டியும் மூச்சும் நன்றாக இருக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். அம்மா நகைச்சீட்டு போடச் சொன்ன பணம் இது. உங்களுக்குக் கட்டிய 62,000, விமானம், ஜாக்கெட், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டுச் சேமிப்பு. ஐந்து மாதம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுக்குமாடிப் படிகளில் பையைச் சுமந்து ஏறி இறங்கினேன். ஞாயிறுதோறும் நந்தி மலை, சாவனதுர்கா, ராமநகரப் பாறைகள். வார நாள் மாலைகளில் கண்டீரவா அரங்கின் ஏறுசுவர்.

அந்த ஐந்து மாதத்தைத் தள்ளுபடி விலையில் உங்களால் திருப்பித் தர முடியுமா? இளமையாக இருக்கிறேன் என்று ஓய்வு நாளை எடுத்துக்கொண்டீர்கள். இளமையாக இருக்கிறேன் என்றே அடுத்த ஆண்டு வரச் சொல்கிறீர்கள். அடுத்த ஆண்டு எனக்கு விடுப்பு கிடைக்குமா, அம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கும், என் முட்டி எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

லேக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோக் காங்ரி சிகரத்தை 2020-ல் மூடினார்கள். முதல் ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஏற நினைக்கும் பலர் அதனால்தான் காங் யாட்சே பக்கம் வரத் தொடங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் என்னைப் போலப் புதியவர்கள். ஒரு நாள் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தெரியாதவர்கள். அவர்களை நம்பவைத்துத்தான் நீங்கள் தொழில் செய்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பயணக் கட்டணம் 62,000, பூட்ஸ் வாடகை 4,500, மொத்தம் 66,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கூப்பன் வேண்டாம். வானிலைதான் காரணம் என்று எழுதியதைத் திருத்தி எட்டுப் பேருக்கும் புதிய கடிதம் அனுப்புங்கள். அடுத்து வரும் எந்த அணிக்கும் முகாமின் ஓய்வு நாளைக் குறைக்க மாட்டோம், ஆக்சிஜன் சிலிண்டரை முகமூடியோடு சரிபார்த்துத்தான் மலைக்கு அனுப்புவோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பணத்தைவிட இந்த உறுதி எனக்கு முக்கியம்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பிறகு சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

பயணத்திட்டம், பணம் கட்டிய ரசீதுகள், பூட்ஸின் படம் ஆகியவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் மாலை ஆறுக்குள் கூப்பிடுங்கள். அதற்கு மேல் ஏறுசுவரில் இருப்பேன், எடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
கே.ஆர்.புரம், பெங்களூரு