கடையைப் பார்த்தீர்கள், சரக்கைப் பார்க்கவில்லை

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் பஜார் தெருவிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், எங்கள் தெருவில் பட்டாசு குவித்து வைப்பதைப் பற்றி நான் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். "தள ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் ஏதும் காணப்படவில்லை" என்று ஒரே வரி. அது பொய் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்கள் முக்கில் இருக்கும் பட்டாசுக் கடையைப் பார்த்தார்கள். தீயணைப்பான் மாட்டியிருந்தது, வாளியில் மணல் இருந்தது, உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கடையில் குறை ஏதும் இல்லைதான். ஆனால் சரக்கு கடையில் இல்லை. அது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

மறுபடி எழுதுவதற்குக் காரணம், போன சனிக்கிழமை இரவு நடந்தது. ஏழரை மணி இருக்கும். தெருவில் நாலைந்து சிறுவர்கள் பிஜிலி வெடியைக் கொளுத்தி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்து செருப்புக் காலால் அதை மிதித்தான். மிதித்த காலுக்கடியிலேயே வெடித்தது. ரப்பர் செருப்பு கிழிந்து பாதத்தில் காயம், இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். அந்த நேரத்தில் மாடியில் அம்மா தனியாக இருந்தார்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம், 11 வருடமாக. கீழ்ப்பகுதி வருடத்தில் பத்து மாதம் சும்மா பூட்டிக் கிடக்கும். புரட்டாசி கடைசியில் முக்குக் கடைக்காரருக்குக் குடோனாக விடுவார்கள். சிவகாசியிலிருந்து வரும் லோடு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் இறங்கும். அறை நிரம்பியதும் மிச்சப் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் வரும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் எங்களுக்கு இருப்பது அந்த ஒரே படிதான். கடைக்காரரிடம் சொன்னால், "இருபது நாள்தானே அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க" என்று முடித்துவிட்டார்.

அந்த இருபது நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. வழக்கமாகப் பொழுது சாய்ந்ததும் வாசலில் இரண்டு அகல் ஏற்றுவார். லோடு இறங்கிய நாளோடு அது நின்றுவிடும். சாமி படத்துக்கு ஊதுபத்தி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது. குடோன் ஆட்கள் வருவதற்குள், காலை ஏழரை மணிக்கெல்லாம் அன்றைக்கு முழுவதும் வேண்டியதைச் சமைத்து முடித்து, சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிடுவார். அப்புறம் அடுப்பு பற்றாது. ராத்திரி ஆறிப்போன ரசத்தை ஆறிய சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி கூடாது, செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். தூங்கும்போது படிக்கதவுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுக்கிறார்.

எங்கள் படி 17 படி. முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்க அவருக்கு நாலு நிமிடம் ஆகிறது. சனிக்கிழமைக்கு மறுநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.

தீபாவளியோடும் இது முடிவதில்லை. விற்காத சரக்கைக் கார்த்திகைக்கு விற்கலாம் என்று அங்கேயே வைத்துவிடுகிறார்கள். போன வருடம் கார்த்திகை தீபத்தன்று தெரு முழுக்க வரிசையாக விளக்கு, எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது. அம்மா அகல்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏற்றிவிட்டு வந்தார். வந்து ஒன்றும் பேசவில்லை. அந்த ராத்திரி எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் என் தெருக்காரர்கள் பலருக்குத் தெரியாது. 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பட்டாசுக் கடை எங்கே இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆட்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே இருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ அருகிலோ இருக்கக் கூடாது. பண்டிகைக்குப் போடும் தற்காலிகக் கொட்டகை என்றால், ஒன்றுக்கொன்று மூன்று மீட்டராவது இடைவெளி விட வேண்டும், எதிரெதிரே அமைக்கக் கூடாது. எந்த இடத்தில், எவ்வளவு கிலோ வைக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். விற்பதற்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், மூட்டை மூட்டையாக அடுக்கி வைப்பதற்கு எங்கள் மாடிப்படி எப்படிச் சரியான இடமாகும்?

நான் கேட்பது ஒன்றுதான் ஐயா. உரிமத்தில் எழுதிய இடத்தைத் தவிர வேறெங்கும் பட்டாசு இருப்பு வைக்க விடாதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் லோடு இறங்கிய பிறகு வரட்டும், "மிச்சச் சரக்கு எங்கே?" என்று கேட்கட்டும். இப்போது கடை காலியாக இருக்கும்போது வந்து, சுவரையும் வாளியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். பெட்டி வந்த பிறகு யாரும் வருவதில்லை.

வேறு தீ என்றால் மண்ணைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடி அணைக்கலாம். பட்டாசுக்கு அது நடக்காது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதற்குள் இருக்கும் வெடியுப்பே கொடுத்துவிடுகிறது. பூட்டிய அறையில் குவித்து வைத்தால் ஒரு பெட்டி பற்றினாலே போதும். எங்கள் தெருவின் அகலம் 12 அடி, அதில் இரண்டு பக்கமும் கடைகள் இறக்கிப் போட்ட தட்டிகள். தீயணைப்பு வண்டி முக்கோடு நின்றுவிடும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 26, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, சங்கராபுரத்தில் ஊருக்கு நடுவில் இருந்த கடையில் பட்டாசு வெடித்து உயிர்கள் போயின. 2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் குடோன், ஒன்பது பேர். முதலில் வெடித்தது பக்கத்து ஓட்டல் சிலிண்டரா, பட்டாசா என்று பெரிய வாதம் நடந்தது. எது முதலில் வெடித்தால் என்ன? இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கவே கூடாது. அதே வருடம் அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், தீபாவளி சீசனில் நாலு காசு சம்பாதிக்கலாம் என்று போன இளைஞர்கள். எங்கள் குடோனில் லோடு இறக்குகிறவர்களும் அந்த வயதுப் பையன்கள்தான். ஒருவன் காதில் பீடியைச் செருகிக்கொண்டு பெட்டி தூக்கினான். நான் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தான்.

கடையில்தான் ஆபத்து என்றில்லை. 2021 தீபாவளியன்று கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டு வெடி மூட்டையை வைத்துக்கொண்டு போன அப்பாவும் சின்னப் பையனும் நடுரோட்டில் சிதறிப் போனார்கள். அந்த மூட்டையை அவர்களிடம் விற்றவர் ஓர் இடத்தில் வைத்திருந்துதானே விற்றிருப்பார்? அந்த இடத்தை அதுவரை யார் பார்த்தார்கள்? பட்டாசுச் சீட்டு பிடிக்கிறவர்களையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் பணம் வாங்கிவிட்டு, ஐப்பசியில் இனிப்போடு கிஃப்ட் பாக்ஸ் கொடுக்கிறார்கள். நூறு பேருடைய பெட்டிகள் ஒரு வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் கிடக்கின்றன. அதே வீட்டில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நான் பட்டாசுக்கு எதிரி கிடையாது. என் அப்பா இருந்தவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் சரத்தை அவர்தான் கொளுத்துவார். சிவகாசிப் பக்கம் எத்தனை குடும்பம் இதை நம்பிச் சாப்பிடுகிறது என்றும் தெரியும். முக்குக் கடைக்காரரும் கெட்டவர் இல்லை, வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுத்தவர். சீசன் சரக்கு முழுவதும் அந்தச் சின்னக் கடையில் அடங்காது என்பது அவருக்கும் தெரியும், உரிமம் கொடுத்தவர்களுக்கும் தெரியும். அப்படியானால் மிச்சம் எங்கே போகும் என்று உரிமம் கொடுக்கும் அன்றே கேட்டிருக்கலாமே! ஊருக்கு வெளியே விதிப்படி ஒரு பொதுக் குடோனுக்கு வழி செய்து, வியாபாரிகளிடம் வாடகை வாங்கிக்கொண்டால் அவர்களே நிம்மதியாகப் போவார்கள்.

ஆனால் நடப்பது வேறு. 2018-ல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாக்கியது. அதன்படி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அறிவிப்பு வருகிறது. எட்டே காலுக்கு ஒரு சங்குச் சக்கரம் விட்டவர்மேல்கூட வழக்குப் போட முடிகிறது. தெருவுக்கு இரண்டு போலீஸ்காரர் நின்று மணி பார்க்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி, எங்கள் படிக்கு அடியில் மாதக்கணக்காக மூட்டைகள் கிடக்கின்றன. கொளுத்துகிறவனைப் பிடிக்க இத்தனை ஆட்கள் இருக்கும்போது, குவித்து வைக்கிறவரிடம் போய்க் கேட்க ஒருவர்கூட இல்லை. விபத்து நடந்த மறுநாள் மாநிலம் முழுக்கக் குடோன்களில் சோதனை நடக்கிறது, நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். அந்தச் சோதனையை முதல் நாள் நடத்த என்ன தடை? செத்த பிறகு தரும் பணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம்?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் மேல் தனிப்பட்ட வருத்தம் ஏதும் இல்லை. நீங்கள் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். உரிமத்தில் உள்ள இடம் தவிர வேறெங்கும் இருப்பு வைக்கக் கூடாது என்று இந்த வாரமே உத்தரவிடுங்கள். வட்டாட்சியரோ தீயணைப்பு நிலைய அலுவலரோ லோடு வந்த பிறகு நேரில் வந்து, பெட்டிகளை எண்ணிப் பார்க்கட்டும். புகார் சொன்னவரின் பெயரைக் கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லாமல் இருக்கட்டும். போன முறை மனு கொடுத்த அன்று மாலையே என் பெயர் கீழே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை ராத்திரி இன்னொரு லோடு வருவதாகக் கீழே பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஒருவரை அனுப்பி வையுங்கள். எங்கள் வாசல் கதவு காலை ஆறு மணிக்குத் திறந்துவிடும். நான் இல்லாவிட்டாலும் அம்மா இருப்பார், அவரே காட்டுவார். படி இறங்கி வர அவருக்கு நாலு நிமிடம் ஆகும், வருகிறவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பஜார் தெரு மாடிவீட்டில் குடியிருக்கும் ஒருத்தி