நாலு போர்ஷனும் உங்கள் எட்டு சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் முதலீட்டுப் பக்கத்தில், நாலு போர்ஷன் உள்ள சிறு கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுவது பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒரு வரி: "ஒன்று காலியானாலும் மற்ற மூன்றும் கைகொடுக்கும், வாங்கிப் போட்டால் போதும், வாடகை தானாக வந்து சேரும்." வாடகைக் கட்டடங்களுக்குக் கணக்கு வழக்கு பார்ப்பது என் தொழில். வாடகை தானாக வருகிறதோ இல்லையோ, செலவு தானாக வரும். அதை எந்தக் கட்டடமும் மறந்ததில்லை.

கிரயம் 100 என்றால் ஆண்டு வாடகை 8, ஆகவே வருமானம் 8 சதவீதம் என்கிறது கட்டுரை. கழித்தலை எந்த வகுப்போடு நிறுத்தினார்களோ தெரியவில்லை. ஓரளவு பழைய கட்டடத்துக்கு நான் போடும் கணக்கு இது. ஒரு குடித்தனம் சராசரியாக இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறது, வெள்ளையடித்து அடுத்தவரை அமர்த்த ஒரு மாதம் ஆகிறது என்று வைத்தாலே வாடகையில் 4 சதவீதம் போய்விடும். வராத பாக்கியையும் சேர்த்தால் 5. சொத்து வரியும் காப்பீடும் 10. மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட், தொட்டி கழுவுவது, பெருக்குபவர் சம்பளம் எல்லாம் சேர்ந்து 7. சில்லறை மராமத்து 10. மொட்டைமாடித் தளம், மோட்டார், வயரிங் போன்ற பெரிய வேலைகளுக்கு எடுத்து வைப்பது 10. ஆக, வாடகையில் 42 சதவீதம் வெளியே. எட்டில் கையில் நிற்பது 4.64. முத்திரைத்தாள், தரகு, குடிவைக்கும் முன் செய்யும் பழுது என்று கிரயத்துக்கு மேல் இன்னொரு 10 போகும். போட்ட முதல் 110 ஆகிவிட, வருமானம் 4.2 சதவீதம். உங்கள் எட்டில் பாதிதான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதிலும் ஒரு கடி.

இரண்டாண்டுக்கு முன் இதே பக்கத்தில் "இ.எம்.ஐ.யை வாடகையே கட்டிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். கிரயத்தில் 70 பங்கைக் கடனாக வாங்கி, 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.56 கட்ட வேண்டும். கையில் நிற்பதோ 4.64. மீதி மூன்றைக் கொண்டுவந்து கொடுப்பது யார், கட்டுரையாளரா? வட்டி விகிதம் நிகர வருமானத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க் கடனும் நஷ்டத்தைத்தான் கூட்டும். நாளைக்கு நிலத்தின் விலை ஏறும் என்பது வேறு பேச்சு. அதை வாடகை வருமானம் என்ற தலைப்பில் எழுதக் கூடாது.

"மற்ற மூன்றும் கைகொடுக்கும்" என்பதையும் விட மனமில்லை. நாலில் ஒன்று காலி என்றால் வரவில் கால் பங்கு போயிற்று. செலவு கால் பங்கு குறைவதில்லை. நாலு ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடிவதாக எழுதி வைத்திருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு காலியாகலாம். முடிவு தேதிகளை மும்மூன்று மாதம் தள்ளி எழுதினால் தீரும் விஷயம் இது. அதைச் சொல்ல உங்களுக்கு இடம் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த கட்டடப் படத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்று போன ஆண்டுச் சிறப்பிதழில் ஒரு பட்டியல். வெளிச்சம், காற்று, பக்கத்தில் பூங்கா! சாக்கடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு சமையலறை எண்ணெயும் நாலு கழிப்பறையும் இறங்குவது பெரும்பாலும் ஒரே குழாயில். மேலிருந்து வரும் குழாய் தரைக்கடியில் படுக்கையாகத் திரும்பும் வளைவில்தான் அடைக்கும். அடைத்தால் மேல்மாடிக்காரருக்கு ஒன்றும் தெரியாது; தாழ்ந்த வாய் எதுவோ அது வழியாக, அதாவது தரைத்தளக் கழிப்பறை வழியாக, எல்லார் வீட்டுத் தண்ணீரும் வெளியே வரும். விற்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது நாலாவது மாதம் தரையை உடைப்பதைவிட மலிவு.

குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் புதிதாக ஒரு திட்டு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மேல் குளியலறையின் வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டால் உண்மை கீழே சொட்டும். ஒவ்வொரு வீட்டு மெயினையும் தனித்தனியாக அணைத்துப் பார்க்க வேண்டும். மாடிப்படி விளக்கோ மோட்டாரோ யாரோ ஒருவர் மீட்டரில் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். கண்டுபிடிக்காமல் வாங்கினால் அந்தச் சண்டையும் கிரயத்தோடு சேர்ந்து வரும்.

காகிதத்தில் இன்னும் மோசம். விற்பவர் எழுதிக் கொடுக்கும் வாடகைப் பட்டியலை அப்படியே நம்பச் சொல்கிறது கட்டுரை. விற்கும் முன் காலி போர்ஷனில் வேண்டியவரைக் குடிவைத்து, ஏற்றிய வாடகையில் ஒப்பந்தம் காட்டுவது ஊரறிந்த வித்தை. 12 மாத வங்கிக் கணக்கைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் மாத வாடகை, கொடுத்த அட்வான்ஸ், ஒப்பந்தம் முடியும் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த அட்வான்ஸ் தொகை விற்பவர் கையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் கடமை மட்டும் வாங்குபவர் தலையில் விழும். பத்திரப் பதிவுக்கு முன் கிரயத்தில் கழிக்காவிட்டால் அது போனதுதான். அனுமதி வரைபடத்தில் எத்தனை வீடு என்று பார்த்தார்களா? இரண்டுக்கு அனுமதி வாங்கி நாலாகத் தடுத்த கட்டடத்தில், மிச்சம் இரண்டின் வாடகையை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் எடுப்பார் என்று நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் முன்பே ஒரு கடிதமாக அனுப்பினேன். "தங்கள் பக்கம் பயனுள்ளது" என்ற முதல் வரி மட்டும் அச்சில் வந்தது. அந்த மரியாதைக்கு நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், "சென்ற இதழில் சொன்ன 8 சதவீதம் செலவு கழிக்காத மொத்த வாடகைக் கணக்கு" என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இனி வரும் அட்டவணைகளில் நிகர வருமானத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வணக்கத்தை எடுத்துவிடுங்கள், அட்வான்ஸ் பற்றிய வரிகளை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்