ராத்திரியில் கூடும் அரிப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா, அம்மிச்சி, அப்புச்சிமார்களுக்கும் வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் இரண்டு வாரமாகச் சொறிந்துகொண்டே இருக்கிறார்கள். பார்த்தீனியச் செடியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐப்பசி மழைக்கு மைதானத்து வேலியோரம் அது இடுப்புயரம் வளர்ந்திருந்தது. ஆள் வைத்துப் பிடுங்கினோம். அரிப்பு நிற்கவில்லை. அடுத்து முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேல் சந்தேகம் வந்தது. கிளைகளை வெட்டிப் போட்டோம். அப்போதும் நிற்கவில்லை. முதல் நாளே மருத்துவரைக் கேட்காமல் விட்டது என் தவறு. அந்த இரண்டு வாரமும் பிள்ளைகள் தூக்கமில்லாமல் தவித்தார்கள்.

விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து மகனைப் பள்ளியில் விட்ட ஒரு தாய் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "பகல்ல அவ்வளவா இல்லீங்க டீச்சர். படுத்தாத்தான் தூங்கவே உட மாட்டேங்குது. இப்ப எனக்கும் வந்துருச்சு, அவங்க அப்பத்தாளுக்கும் வந்துருச்சுங்க" என்றார். செடி பட்டு வரும் அரிப்பு பக்கத்தில் படுத்தவருக்குத் தொற்றாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். மருத்துவர் விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் பார்த்தார், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார், சிரங்கு என்று சொல்லிவிட்டார். சீட்டில் 'ஸ்கேபிஸ்' என்று எழுதியிருப்பதும் இதைத்தான்.

இது ரத்தம் கெட்டு வருவதில்லை, சூட்டினால் வருவதும் இல்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடுகிறது. அந்த உண்ணியையும் அதன் முட்டையையும் கழிவையும் நம் உடம்பு ஏற்றுக்கொள்ளாததால்தான் இந்த அரிப்பு. 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ என்ற மருத்துவர் உருப்பெருக்கியில் பார்த்து, சிரங்குக்குக் காரணம் இந்த உயிர்தான் என்று எழுதிவிட்டார். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 2 முதல் 6 வாரம் வரை ஆகலாம். அதற்குள் அது வீட்டில் மற்றவர்களுக்கும் போய்விடும். "எங்க வீட்டில் வேற யாருக்கும் இல்லை" என்று நீங்கள் சொல்லும்போது, இன்னும் வெளியே தெரியவில்லை என்றும் இருக்கலாம்.

இன்று ராத்திரி பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, அரைஞாண் கயிறு படும் இடுப்பு, புட்டம், பையன்களுக்கு ஆண்குறி ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பொரிகளோ, நூல் இழுத்த மாதிரி மெல்லிய கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், தலையையும் பார்க்க வேண்டும். வட்டமாக விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். கொப்பளத்தில் நீர் கோத்துக் காய்ச்சலும் இருந்தால் அம்மையா என்று பார்க்க வேண்டும். திடீரென்று உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. அப்போது தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவென்று முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. நமக்கு இதெல்லாம் அவரிடம் சரியாக எடுத்துச் சொல்வதற்குத்தான்.

மருந்து என்று வரும்போது நம் ஊரில் நடப்பதுதான் எனக்குக் கவலை. மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்குகிற டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசினால் இரண்டு நாளில் சிவப்பு குறையும், அரிப்பு அடங்கும், உண்ணி மட்டும் உள்ளேயே இருக்கும். படர்தாமரைக்குப் பூசினாலோ அது உருமாறி இன்னும் பரவும். குழந்தைகளின் தோலும் மெலிந்துபோகும். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. இதைவிடப் பயமான இன்னொன்றும் காதில் விழுந்தது. ஆட்டுக்கு உண்ணி மருந்து அடிக்கிறோமே, அதையே கொஞ்சம் தண்ணீரில் கலந்து பிள்ளைக்குப் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாதுங்க. தோட்டத்துப் பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் பழிக்கவில்லை, நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இதற்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீம். வாங்கப் போகும்போது வீட்டில் மொத்தம் எத்தனை பேர், குழந்தைகளின் வயது, யாராவது கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கிறார்களா என்பதைச் சொல்லி, எல்லாருக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் தேவைப்படும். ஒரே டியூபை ஐந்து பேர் பங்கிட்டுப் பொரி இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் பலன் இராது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண், விரல் இடுக்கு, தொப்புள் எதையும் விடாமல் பூசி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைகளுக்கு எப்படிப் பூசுவது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். இதில்தான் பல வீடுகள் தோற்கின்றன. மகன் பூசுகிறான், அப்பா அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார், இரண்டு வாரத்தில் மகனுக்குத் திரும்ப வந்துவிடுகிறது. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால், வருகிற சனிக்கிழமை இரவு எல்லா வீட்டிலும் பூசிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் முறை. ஞாயிறு காலை படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, முந்தைய மூன்று நாள் உடுத்திய துணிகளைக் கொதிநீரில் நனைத்துத் துவையுங்கள். மழையில் காயாது என்று தோன்றுவதை, துவைக்க முடியாத கம்பளியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டால் அந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த உண்ணி தோலுக்குள் இருப்பதால் வருவது அது. பயந்து தினமும் கிரீம் பூசாதீர்கள். சொறிந்த புண்ணில் சீழ் வைத்தாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிரங்குப் புண்ணில் ஏறும் கிருமி சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் வடக்கத்திப் பிள்ளைகளால்தான் இது வந்தது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இரண்டு பெற்றோர் பெஞ்சை மாற்றிப் போடச் சொல்லியும் கேட்டார்கள். மாற்ற மாட்டேன். ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் எந்த வீட்டிலும் இது பரவும், தினம் இரண்டு வேளை குளிக்கும் வீட்டுக்கும் வரும். யார் கொண்டுவந்தது என்று எங்களாலும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. எந்தப் பிள்ளையையும் 'சொறி' என்று கூப்பிடக் கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், வீட்டிலும் சொல்லுங்கள். குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு இந்தக் கடிதத்தை இந்தி தெரிந்த ஆசிரியர் நேரில் படித்துக் காட்டுவார்.

முதல் முறை மருந்து பூசிக் குளித்துவிட்டால் திங்கட்கிழமை பிள்ளை தாராளமாகப் பள்ளிக்கு வரலாம். மருந்து கிடைக்கவில்லை என்றாலோ, பூசிவிட ஆள் இல்லை என்றாலோ வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணி வரை பள்ளியில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்